குழாய் நாற்பத்தைந்து, கூலி நானூற்றுப் பத்து

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இருமல் விட்டுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் முதுகு வலிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பேச்சை மாற்றிவிட்டாய். நாளெல்லாம் நின்றுகொண்டு பெட்டி ஒட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும்? பலகை போட்டுப் படு.

ஒரு சின்ன விஷயம். நிஜமாகவே சின்னது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. என் காது மெஷினையும் காதுக்குள் வைக்கிற அச்சையும் சேர்க்கும் குழாய் மஞ்சளாகி, விறைத்து, வளைகிற இடத்தில் விண்டுவிட்டது. சத்தம் காதுக்குள் போகாமல் வெளியே கசிகிறது. சில நேரம் மெஷின் 'கீ' என்று கத்துகிறதாம். எனக்குக் கேட்பதில்லை. நான் பார்த்துக்கொள்கிற தையல் ஆலைக் காப்பகத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்போது தெரிந்துகொள்கிறேன்.

மெஷின் கடைக்காரரிடம் போனேன். "இந்த மாடல் நின்னு போச்சும்மா. குழாய் வராது. புதுசு எடுத்துக்கங்க" என்றார். புதுசின் விலைக்கு இன்னொரு காதே முளைக்க வைத்துவிடலாம்.

மாடி வீட்டுத் தையல்காரி தன் போனில் தேடினாள். உன் ஆன்லைன் கம்பெனியிலேயே இருக்கிறது. "அக்கா, கிடைச்சிடுச்சு! நாப்பத்தஞ்சுதான்!" என்று குதித்தாள். கடைசியில் பார்த்தால் மொத்தம் நானூற்று ஐம்பத்தைந்து. "ஏண்டி, தெருவுல இருக்கிற எல்லார் காதுக்கும் சேர்த்து அழுத்திட்டியா?" என்றேன். இல்லையாம். குழாய் நாற்பத்தைந்து, கொண்டுவந்து தருகிற கூலி நானூற்றுப் பத்து. நம் தெரு அவர்கள் கணக்கில் எட்டாத பகுதியாம். எனக்கு அது இரண்டு நாள் சம்பளம்.

நீ அந்தத் தொழிலில் இருக்கிறவன். இது என்ன நியாயம் என்று சொல். காசு அனுப்பு என்று கேட்கவில்லை, அனுப்பாதே. காப்பகத்து மேற்பார்வை அம்மாவுக்கு நான் மெஷின் போடுவது இன்னும் தெரியாது. முடியை இறக்கி வாரி மறைத்திருக்கிறேன். தெரிந்தால் வேலை போய்விடும். அதனால்தான் குழாய் கொஞ்சம் சீக்கிரம் வேண்டும்.

போனில் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்கும். என் பட்டன் போனில் தமிழ் எழுத்தும் வராது. தையல்காரி போனில் சொல்லி அனுப்பினால் உனக்கு வருமுன் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகையால் வழக்கம்போலக் கடிதம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா

*

ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

உன் இருமல் போனதில் சந்தோஷம். பலகை போட்டேன். இப்போது பலகைக்கும் எனக்கும் தனிச் சண்டை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். நானூற்றுப் பத்து என்று படித்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். நியாயம் கேட்டாயே, சொல்கிறேன்.

எங்களிடம் சின்னப் பெட்டி தீர்ந்து மூன்று மாதமாகிறது. வாங்கித் தரமாட்டார்கள். இருப்பதிலேயே சின்னது ஒரு ஜோடி செருப்பு வைக்கிற அளவு. நேற்று ஒரே ஒரு சட்டைப் பொத்தானை அதற்குள் வைத்து, சுற்றிலும் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைத் திணித்து ஒட்டினேன். லாரியில் பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதற்குத்தான் கூலி. உள்ளே பொத்தானா பூசணிக்காயா என்று யாரும் கேட்பதில்லை. உன்னிடம் காசு கேட்பது குழாய்க்கு இல்லை அக்கா, அதைச் சுற்றி இருக்கிற காற்றுக்கு.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். "ஏன் சார், பொத்தானுக்கு ஒரு கவர் போதாதா?" என்று கேட்டேன். "உனக்கு மணிக்கு நூத்திப்பத்து பார்சல். பொத்தானைப் பத்தி யோசிச்சா நூத்தி ஒம்பதாயிடும்" என்றார்.

சரி, அந்த நானூற்றுப் பத்து யாருக்குப் போகிறது? ஒட்டுகிற எனக்கு வரவில்லை. உன் படியேறிக் கொடுக்கிறவனுக்குப் பார்சலுக்குப் பன்னிரண்டு. அவனே சொன்னான், பெட்ரோலும் அவன் செலவு.

ஒரு காசு கொடுக்காதே. நானே கட்டிவிடலாம், கையில் இல்லாமல் இல்லை. கட்டமாட்டேன். கட்டக் கட்டத்தான் இவர்களுக்குக் குளிர்விட்டுப் போகிறது. வழி இருக்கிறது. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் கூலி கிடையாது. அக்கம்பக்கத்தில் கேள். எல்லாருக்கும் வேண்டியதை ஒரே ஆர்டராகப் போடு. கார்ட் என்கிற அந்தப் போன் கூடையை நிரப்பு, குழாய் சும்மா வந்துசேரும்.

சண்டை போடுகிற தம்பி உனக்கு ஒருவன்தான், உடம்பைக் கவனித்துக்கொள்.
தம்பி

*

பிப்ரவரி 7

கோபக்காரத் தம்பிக்கு,

நலம். உன் நலம் உன் கையெழுத்திலேயே தெரிகிறது, பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நீ சொன்னபடி வீடு வீடாகப் போனேன். ஓட்டுக் கேட்கிறவள் மாதிரிதான். தையல்காரிக்கு மெஷின் ஊசிகளும் ஒரு பாபின் பெட்டியும். கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கு மூக்குக் கண்ணாடியின் மூக்கில் உட்கார்கிற ரப்பர். தண்ணீர் கேன் போடுகிறவருக்குக் குழாய் வாஷர் ஒரு டஜன். யாருக்கும் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை, தம்பி. எல்லாருக்கும் எங்கேயோ ஒரு துளியூண்டு சாமான்தான் குறைகிறது. ஒவ்வொருவரும் அந்த நானூற்றுப் பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். இப்போது கார்ட்டில் தொள்ளாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருக்கிறது.

காப்பகத்தில் ஒரு மாற்றம். என்னோடு இருந்த சின்னவளை நிறுத்திவிட்டார்கள். தையல் ஆலையில் ஆர்டர் குறைந்துவிட்டதாம், அதனால் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள் போதுமாம். பிள்ளைகள் குறையவில்லை. இருபத்திரண்டு. அம்மாக்கள் அந்தப் பக்கம் தைக்கிறார்கள், நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்.

குழாயில் டேப் சுற்றியிருக்கிறேன். காலையில் நன்றாகக் கேட்கிறது. வேர்க்க ஆரம்பித்தால் டேப் நழுவுகிறது. மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறார்கள். முதுகைச் சுவரில் வைத்து உட்கார்ந்துகொள்கிறேன், எல்லா வாயும் கண் முன்னால் இருக்கும். டமாரம் என்று ஒருவன் இருக்கிறான், இரண்டரை வயது. அவன் அழுதால் ஆலைச் சங்கே தேவையில்லை என்பார்கள் அம்மாக்கள். அவன் குரல் மட்டும் டேப் நழுவினாலும் கொஞ்சம் வரும்.

ஒன்று கேட்கட்டுமா? நானே அந்த நானூற்றுப் பத்தைக் கொடுத்து வாங்கிவிடட்டுமா? உனக்கு வருத்தம் இல்லையென்றால்.

தண்ணீர் நிறையக் குடி.
அக்கா

*

பிப்ரவரி 19

அன்பு அக்கா,

நலமே. முதுகைப் பற்றிக் கேட்காதே, அது இப்போது என் முதுகு மாதிரியே இல்லை.

வருத்தம் உண்டு. வாங்காதே.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? உன் குழாய் என் மேஜைக்கு வந்தது. அதே மாடல், அதே எண். ஸ்கேனரில் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஒரு பொட்டலத்தில் இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு கிராம் வந்தால் அதிகம். வேறு யாரோ, வேறு எங்கோ ஒரு எட்டாத பகுதியில், நானூற்றுச் சொச்சம் கட்டியிருக்கிறார். செருப்புப் பெட்டிக்குள் போட்டு, ஆறு காற்றுப் பைகளைத் திணித்து, ஒட்டி அனுப்பினேன். பையில் போட்டுக்கொள்ள முடியாதா என்று கேட்பாய். வெளியே போகும்போது சோதனை இருக்கிறது, பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொல்வார்கள்.

நீ கட்டினால் அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? பயந்தவர்கள் கட்டுகிறார்கள், அவசரக்காரர்கள் கட்டுகிறார்கள், அதை வைத்துத்தான் இவர்கள் மாளிகை கட்டுகிறார்கள். மார்ச் கடைசியில் தள்ளுபடி நாள் வருகிறது என்று பேச்சு. அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறு எண்ணூறாகிவிடும். அதற்குள் நிரம்பினால் நல்லது, நிரம்பாவிட்டாலும் கவலையில்லை. இத்தனை நாள் பொறுத்தாய், இன்னும் ஒரு மாதம் பொறு.

சின்னவளை நிறுத்தியதைப் பற்றி நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? இருபத்திரண்டு பிள்ளைக்கு ஒரு ஆளா? எழுதிக் கொடு. அம்மாக்களிடம் சொல்லு.

வேளைக்குத் தூங்கு, அக்கா.
தம்பி

*

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். வெயில் ஏறிவிட்டது. நீ நலமா?

எழுதிக் கொடுத்தால் மேற்பார்வை அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவாள். பக்கவாட்டில் உட்கார்ந்து பேசுகிறவள் அவள். இப்போது எனக்கு அது ஆகாது. குழாய் வந்ததும் எழுதிக் கொடுக்கிறேன்.

கார்ட் ஆயிரத்து முந்நூறு வரை ஏறி, மறுபடி இறங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் தன் ரப்பரை எடுத்துவிடச் சொன்னார். "மூக்குதானே, கையால பிடிச்சுக்கறேன்" என்கிறார். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கண்ணாடி, பக்கத்தைப் புரட்டுவது யார் என்று தெரியவில்லை.

போன வாரம் மேற்பார்வை அம்மா பின்னாலிருந்து என்னை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். "என்ன, காது செவிடா?" என்றாள். "யோசனையில இருந்தேன்மா" என்றேன். அவள் பார்வை என் முடிக்குப் போனது. அப்புறம் போய்விட்டாள்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு அழுகை வந்தாலும் ஓடிவந்து என் முழங்காலைத் தொட வேண்டும். தொட்டால் மடி. நன்றாகப் பழகிவிட்டார்கள். அழாத பிள்ளைகளும் வந்து தொட்டுவிட்டு மடி கேட்கிறார்கள். டமாரம் ஒரு நாளைக்கு இருபது தரம் தொடுகிறான், திருட்டுப் பயல்.

ஒரு மாதம்தானே. பொறுக்கிறேன்.
அக்கா

*

மார்ச் 15

அன்பு அக்கா,

நலம். உன் விளையாட்டை இங்கே எங்கள் அறையில் சொன்னேன். ஆறு பேர் படுக்கிற அறை, இன்று காலையிலிருந்து ஒருவன் முழங்காலை ஒருவன் தொட்டுக்கொண்டிருக்கிறான்.

தேதி சொல்லிவிட்டார்கள். மார்ச் இருபத்தெட்டு. எண்ணூறு போதும். தையல்கார அக்காவைக் காலையிலேயே அழுத்திவிடச் சொல். நான் சொன்னேன் பார்த்தாயா? ஒரு காசு கூலி இல்லாமல் வரப்போகிறது.

இங்கே கூட்டத்தில் எழுந்து, சின்னப் பெட்டி வாங்கச் சொல்லிக் கேட்டேன். கடிகாரம் பல்லைக் கடித்தார். வெளியே வந்ததும் நான்கு பேர் கை கொடுத்தார்கள். அதிலேயே எனக்கு முதுகுவலி பாதி போய்விட்டது.

குழாய் வந்ததும் முதலில் என்ன கேட்டாய் என்று எழுது.
தம்பி

*

ஏப்ரல் 12

அன்பு அக்காவுக்கு,

நலமா? நான் நலம். நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. தையல்கார அக்கா போனுக்கு இரண்டு தரம் அடித்தேன், எடுக்கவில்லை. பார்சல் எங்கே இருக்கிறது என்று எங்கள் கணினியில் உன் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். ஆர்டரே இல்லை என்கிறது.

இருபத்தெட்டாம் தேதியை மறந்துவிட்டீர்களா? அத்தனை தரம் எழுதினேனே! ஜுரம் ஏதாவதா? இரண்டு வரி எழுது, போதும்.

தம்பி

*

ஏப்ரல் 25

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். ஜுரம் இல்லை. கவலைப்படாதே.

வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்தார். சாமான்களை வெளியே எடுத்து வைத்து, துடைத்து, திரும்ப உள்ளே வைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. ஜன்னலுக்குப் பச்சை. நன்றாகத்தான் இருக்கிறது. மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை.

குழாய் வாங்கவில்லை. இப்போது அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

மே 3

தம்பிக்கு, மாடி வீட்டுத் தையல்காரி எழுதுவது.

நல்லா இருக்கீங்களா? எனக்கு எழுதி வழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கங்க. பேசுற மாதிரியே எழுதுறேன். நீங்க ரெண்டு தரம் போன் பண்ணீங்க, நான் எடுக்கல. எடுத்தா சொல்லிடுவேன். அக்கா என் கையைப் பிடிச்சு, சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா ஒரு மாசமா அவங்களைப் பார்த்துட்டு என்னால வாயை மூடிட்டு இருக்க முடியல.

மார்ச் இருபத்தி நாலு. தள்ளுபடி நாளுக்கு நாலு நாள் முன்னாடி. மத்தியானம், பிள்ளைங்க சாப்பிடற நேரம். அக்கா கைக்குழந்தைங்க நாலு பேருக்கு ஊட்டிட்டு இருந்திருக்காங்க. இரும்புக் கதவு ஒண்ணு, கழுவற இடத்துக்குப் போறது, தானா மூடிக்கும். அந்த டமாரம் பையன் கையை அதோட கீல் பக்கம் வச்சுட்டான். கதவு மூடிடுச்சு. கை மாட்டிக்கிச்சு. அவனால ஓடி வந்து யாரையும் தொட முடியல. கத்தியிருக்கான். எவ்வளவு நேரம்னு யாருக்கும் தெரியாது. வெளிய மூட்டை ஏத்திட்டு இருந்த ஆள் ஒருத்தர் சத்தம் கேட்டு உள்ள ஓடி வந்திருக்கார். அவர் ஓடறதைப் பார்த்துத்தான் அக்கா எழுந்திரிச்சாங்க.

உயிருக்கு ஒண்ணுமில்லை. வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சு.

அன்னிக்கே அக்காவை வெளிய அனுப்பிட்டாங்க. காது கேக்காததை மறைச்சு வேலைக்கு வந்தேன்னு எழுதி வச்சுக் கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்தக் கதவுக்கு ஒரு கட்டை வைக்கச் சொல்லி அக்கா ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்களாம், அது அந்தத் தாள்ல இல்ல. இருபத்திரண்டு பிள்ளைக்கு ஒரு ஆள்னு யார் வச்சாங்கன்னும் இல்ல.

அக்கா இப்ப மெஷினே போடறதில்ல. டப்பாவுல போட்டு வச்சுட்டாங்க. நான் கத்திப் பேசினா என் வாயையும் பார்க்க மாட்டாங்க, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கறாங்க. ஏன் தம்பிகிட்ட சொல்லலன்னு ஒரு தாள்ல எழுதிக் கேட்டேன். "அவன் தன் மேலே போட்டுக்குவான்"னு சொன்னாங்க.

அன்னிக்கு ஜனவரியிலயே நான் என் காசைப் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம். தோணுச்சு. நானூறு ஆச்சேன்னு விட்டுட்டேன். அதையும் எழுதிடறேன்.

உடம்பைப் பார்த்துக்கங்க. அக்காவை நான் சாப்பிட வைக்கறேன்.

*

மே 14

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்கத் தைரியமில்லை.

தையல்கார அக்கா எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதே.

இந்த உறையில் பஞ்சுக்குள் சுற்றி உன் குழாய் இருக்கிறது. உதறிவிடாதே, பார்த்துப் பிரி. எப்படி வாங்கினேன் என்று சொல்லவேண்டும். கடிதம் வந்த அன்றே நானூற்றுப் பத்தைக் கட்டி உன் முகவரிக்கு அனுப்ப உட்கார்ந்தேன். முகவரிக் கட்டத்தில் பழக்கதோஷத்தில் என் அறை முகவரி நின்றது. கூலி முப்பது என்று காட்டியது. நாங்கள் கிடங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், எங்களுக்கு முப்பதுதான். முந்தாநாள் வந்தது. செருப்புப் பெட்டிதான். குழாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, மேஜையில் உனக்கு எழுத வாங்கிய உறைகள் கிடந்தன.

புரிகிறதா, அக்கா? ஜனவரியிலிருந்து உனக்கு எத்தனை கடிதம் போட்டேன்! ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபாய்த் தபால்தலையை ஒட்டி, காற்றுக்குக் காசு வாங்குகிறார்கள் என்று பக்கம் பக்கமாகத் திட்டி, மடித்து, உறையில் போட்டு அனுப்பினேன். அந்த உறையிலேயே இந்தக் குழாயும் வந்திருக்கும். குழாய் நாற்பத்தைந்து, கூலி முப்பது, ஒரு தபால்தலை. மணிக்கு நூற்றுப் பத்துப் பார்சல் ஒட்டுகிறவனுக்கு இது தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். எனக்குக் குழாயைவிடக் கோபம் வேண்டியிருந்தது. கூட்டத்தில் எழுந்து பேசினேன், நான்கு பேர் கை கொடுத்தார்கள் என்று எழுதினேனே, அதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். என்ன சுகமாக இருந்தது அன்றைக்கு!

வாங்கிவிடட்டுமா என்று நீ கேட்டாய். உனக்கு வருத்தம் இல்லையென்றால் என்றாய். அது உன் காசு, உன் காது. நான் வருத்தம் உண்டு என்று எழுதினேன். நானூற்றுப் பத்து எனக்கு ஒரு நாள் சம்பளம்கூட இல்லை.

கம்பெனியும் குற்றவாளிதான், அந்த ஆலையும்தான். இருபத்திரண்டு பிள்ளைக்கு ஒரு ஆள் வைத்தவனை நான் விடப்போவதில்லை. ஆனால் அவர்களைத் திட்ட ஆரம்பித்தால் எனக்கு மறுபடி அந்தச் சுகம் வந்துவிடுகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் திட்டவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். ஜூன் கடைசி என்கிறார்கள். வரட்டுமா?

மெஷினைப் போட்டுக்கொள், அக்கா.
தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் முதுகு எப்படி இருக்கிறது?

குழாய் வந்தது. சேதமில்லை. நாலைந்து நாள் அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் போட்டேன். முதலில் என்ன கேட்டாய் என்று எழுதச் சொல்லியிருந்தாய். முதலில் என் மூச்சுதான் கேட்டது. பிறகு தையல்காரியின் மெஷின். அவள் இவ்வளவு சத்தத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

மெஷினைப் போட்டதும் நான் செய்த முதல் வேலை, டமாரத்தின் வீட்டுக்குப் போனது. இதற்கு முன்னால் போயிருக்கலாம். ஆனால் அவன் அம்மா என்ன திட்டினாலும் எனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். பிள்ளையின் அழுகைதான் கேட்கவில்லை, அவள் திட்டுவதையாவது ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. பையன் தரையில் உட்கார்ந்து இடது கையால் ஒரு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். சத்தமே இல்லை. அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது, டப்பா மூடி 'டிக்' என்று விழுவது கேட்டது. அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக இப்படித்தானாம்.

"இப்ப கேக்குதா?" என்றாள் அவள்.

"கேக்குதும்மா."

"நெஜமாவா? நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க, பார்ப்போம்."

நான் வாசலிலேயே நின்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். கத்தவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, வேலையை விட்டுட்டு நான் இவனை வீட்டுல வச்சிருப்பேன்."

நான் அதைத் திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, வேலையை விட்டுட்டு நான் இவனை வீட்டுல வச்சிருப்பேன்.

"ரெண்டு விரல். இவன் பேனா பிடிக்கறப்பல்லாம் நீங்க எனக்கு ஞாபகம் வருவீங்க."

அதையும் சொன்னேன்.

"உங்களை நம்பித்தான் நான் குனிஞ்ச தலை நிமிராமத் தச்சேன்."

சொன்னேன்.

பிறகு, "அவன் கத்தினப்ப நான் நாப்பதடி தூரத்துல இருந்தேன். மெஷின் சத்தத்துல எனக்கும் கேக்கல" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டித் தடுத்தாள். "இதைச் சொல்ல வேணாம்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடுவது கேட்டது. அவள் அழுவதும் கேட்டது. படியில் உட்கார்ந்து அது ஓய்கிறவரை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் ஆலை அம்மாக்கள் சிலரோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். இருபத்திரண்டு பிள்ளை, ஒரு ஆள், அந்தக் கதவு, எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறோம். என் காதையும்தான். அவள் வருவாளா என்று தெரியாது.

ஜூன் கடைசியில் வா. தையல்காரி உனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள், அளவு தெரியாமல் வாத்தியாரை நிற்க வைத்துத் தைக்கிறாள்.

தம்பி, உன் மேல் தப்பில்லை என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த வரி இன்னும் எனக்கு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். நீ நேரில் வரும்போது அது வந்திருந்தால், சொல்கிறேன்.

பலகையை எடுத்துவிடாதே, அதிலேயே படு.
உன் அக்கா